குடியாத்தத்தில் சிறு தொழிலுக்கு யாரிடம் உதவி கேட்பது?

குடியாத்தத்தில் தையல் யூனிட் நடத்துகிறேன், இன்னும் நாலு மெஷின் வாங்க யாரைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணமே கிடையாது. யாராவது ஆயிரம் ரூபாய் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் வேலூர் மாவட்டத் தொழில் மையம். அங்கே எல்லோரும் விசாரிக்கும் பிஎம்இஜிபி (மத்திய அரசின் மானியக் கடன் திட்டம்) முதல் கடன், புதிதாகத் தொடங்குபவர்களுக்குத்தான். மானியம் 15 முதல் 35 சதவீதம். ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் யூனிட்டுக்கு முத்ரா கடன் (சிறு தொழில்களுக்கு வங்கிகள் தருவது) சரிப்படும். 10 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது.

வங்கியில் கொடுக்க மெஷின் கடைக்காரர் எழுதித் தரும் கொட்டேஷனில் (விலை விவரத்தில்) கவனம். என்னுடையது ஒருமுறை வங்கியிலிருந்து திரும்பியது: மெஷின் விலை இருந்தது, மோட்டாரும் ஸ்டாண்டும் தனித்தனியாக எழுதப்படவில்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. பத்து நாள் வீண்.

ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் வேலூருக்கு அலைய வேண்டாம். 2019-இலிருந்து அவர்களுக்குத் திருப்பத்தூர்தான் மாவட்டம்.