அவார்கள் நாடோடிக் குதிரை வீரர்கள்தானே? அவர்களின் தங்க நகைகள் பைசாந்தியத்திலிருந்து வந்தவையா, அவர்களே செய்தவையா?

இரண்டும் உண்டு. தங்கம் பெரும்பாலும் பைசாந்தியத்துடையது, அதாவது கிழக்கு ரோமப் பேரரசுடையது; அதை என்னவாக மாற்றுவது என்ற ரசனை அவார்களுடையது. (இன்று ரஷ்யாவின் தாகெஸ்தானில் வாழும் அவார்களைச் சொல்லவில்லை. கி.பி. 568 வாக்கில் ஹங்கேரிச் சமவெளியில் குடியேறியவர்களைப் பற்றிய கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.)

570-களில் பைசாந்தியம் இவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 சொலிடஸ் கப்பம் கட்டியது. 620-களில் அது 2 லட்சம்வரை ஏறியது. சொலிடஸ் என்பது ஏறக்குறைய நாலரை கிராம் தங்கக் காசு, நம் அரைப் பவுனைவிடக் கொஞ்சம் கூட. கணக்குப் போட்டால் ஒரே ஆண்டில் சுமார் 900 கிலோ! ஆனால் அவார் கல்லறைகளில் காசாகக் கிடைப்பது சொற்பம். நிறைய உலைக்குப் போயிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நகைப் பட்டறை இருந்தது. அதனால் எனக்குப் பிடித்த சான்று ஹங்கேரியின் குன்செந்த்மார்தோன் கல்லறை. அங்கே புதைக்கப்பட்டவர் ஒரு பொற்கொல்லர். கூடவே வெண்கல அச்சுகள், தராசு, பைசாந்திய எடைக்கற்கள். மெல்லிய தகட்டை அச்சின்மேல் வைத்து அழுத்தினால் இடுப்புக் கச்சையில் பதிக்கும் வில்லை தயார். பைசாந்திய எடையில் நிறுத்து அவார் கச்சைக்கு வேலை செய்திருக்கிறார் மனிதர். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

காதணிகளைப் பாருங்கள். வளையத்தின் கீழே பிரமிட் வடிவத் தொங்கல், அதன்மேல் கடுகைவிடச் சிறிய பொன்மணிகளை நெருக்கிப் பற்றவைத்திருப்பார்கள். கொஞ்சம் சூடு ஏறினாலும் மணி உருகித் தகட்டோடு போய்விடும், அவ்வளவு நுணுக்கம். கைவேலை பைசாந்திய மரபு. ஆனால் அவார்களில் ஆண்களும் காதணி போட்டார்கள்.

1971-இல் ஹங்கேரியில் கண்டெடுத்த குன்பாபோனி கல்லறையில், ஒரு பெருந்தலைவரின் கச்சையில் கல் பதித்த தங்கக் கொக்கிகள் இருந்தன. அவற்றால் எதையும் மாட்ட முடியாது. பதவியைக் காட்ட மட்டும் அணிந்தவை.

626-இல் பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளை அவார்கள் முற்றுகையிட்டுத் தோற்றதும் கப்பம் நின்றது. அப்புறம் தங்கம் அரிதாகிவிட்டது. 8ஆம் நூற்றாண்டில் எங்கும் வெண்கல வார்ப்புதான். கழுகுத் தலையும் சிங்க உடலுமான கிரிஃபின், கொடிச் சுருள், சிலவற்றில் பொன்முலாம். அதே பாணிக் கச்சை அணிகள் தங்கத்தில், சில வேலை முடியாமலே, அல்பேனியாவின் வ்ராப்பில் கிடைத்தன.

அயல் மரபு என்றால் பைசாந்தியம் மட்டுமில்லை. மேற்கு ஹங்கேரியின் கெஸ்ட்ஹெய் பகுதியில், ரோமானியக் கிறிஸ்தவ மரபில் வாழ்ந்த பெண்கள் கூடை வடிவக் காதணிகளையும் ஆடையில் குத்தும் வட்ட ஊசிகளையும் அவார் ஆட்சியிலேயே அணிந்தார்கள்.

கடைசியில் 795–796-இல் பிராங்கு அரசர் சார்லமேனின் படைகள் அவார் கருவூலத்தை அள்ளின. அந்த 796-இலேயே அவர் இங்கிலாந்தின் மெர்சியா அரசர் ஓஃபாவுக்கு ஒரு கச்சை, ஒரு 'ஹூண' வாள், இரண்டு பட்டு மேலாடைகள் அனுப்பினார். அவார்களை அன்று மேற்கில் ஹூணர் என்றுதான் எழுதினார்கள்.