பெரிய நிறுவனத்தின் துணை இல்லாமல் ஜப்பானில் ஒரு சிறிய ஊர்க் கால்பந்து கிளப் தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும். கோஃபு என்ற ஊரின் வான்ஃபோரே கிளப் அதைச் செய்து காட்டியிருக்கிறது.

இந்த கிளப்பைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் 2022இல், எல்லா டிவிஷன் அணிகளும் மோதும் பேரரசர் கோப்பையை வென்ற கதையைத்தான் சொல்வார்கள். எனக்கும் அது பிடித்த கதைதான், கீழே சொல்கிறேன். ஆனால் என்னைக் கேட்டால் இந்த கிளப்பின் ஆகப்பெரிய வெற்றி நடந்தது 2001இல். அந்த ஆண்டு அவர்கள் இரண்டாம் டிவிஷனில் கடைசி இடம்!

முதலில் ஊர். டோக்கியோவுக்கு மேற்கே, நாலாபுறமும் மலை சூழ்ந்த யமனாஷி மாகாணத்தின் தலைநகரம் கோஃபு. தெற்கே மலைகளுக்கு மேல் ஃபுஜி தெரியும். திராட்சை, பீச் பழம், ஒயின் ஆகியவற்றுக்குப் பேர்போன இடம். ஊரின் மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. மாகாணம் முழுவதையும் சேர்த்தாலும் எட்டு லட்சம்தான் வரும். எக்ஸ்பிரஸ் ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் டோக்கியோ போய்விடலாம் என்பதால் படித்த பிள்ளைகள் அங்கேயே போய்த் தங்கிவிடுகிறார்கள். ஜப்பான் கால்பந்தின் முதல் உலக நட்சத்திரம் ஹிடேடோஷி நகாடா இந்த ஊர்க்காரர்தான். பக்கத்து நிராசாகி ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு ஆடியவர். 1995இல் தொழில்முறை ஆட்டக்காரரானபோது அவர் சேர்ந்தது கடலோர ஹிரட்சுகாவின் அணியில். சொந்த ஊரில் அப்போது முதல் டிவிஷன் அணி கிடையாது.

ஜப்பானில் கால்பந்து வளர்ந்ததே கம்பெனிகளின் மடியில். மிட்சுபிஷியின் அணிதான் இன்றைய உராவா ரெட்ஸ். நிசானின் அணி யோகோஹாமா மரினோஸ் ஆனது, மட்சுஷிதாவின் அணி காம்பா ஒசாகா ஆனது, டொயோட்டாவின் அணி நகோயா கிராம்பஸ் ஆனது. 1993இல் ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே லீக் தொடங்கியபோது, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பெயர் மாறினாலும், கையைக் கடித்தால் தாங்கிப்பிடிக்கத் தாய்க் கம்பெனி பின்னால் நின்றது.

கோஃபுவுக்கு அப்படி யாரும் இல்லை. உள்ளூரின் பழைய உயர்நிலைப் பள்ளி ஒன்றில் படித்து முடித்தவர்கள் கூடி ஆடிய குழுதான் இதன் வேர். 1965இல் அது கோஃபு கிளப் ஆனது. 1972 முதல் தேசிய லீக்கின் இரண்டாம் டிவிஷனில், கம்பெனிகள் சம்பளம் கொடுத்து வைத்திருந்த அணிகளோடு மோதியது. 90களின் நடுவில் இப்போதைய பெயர் வந்தது. இந்த மண்ணை ஆண்ட போர்த்தலைவர் தகேடா ஷிங்கெனின் கொடியில் இருந்த காற்றும் காடும் பிரெஞ்சு மொழியில் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன.

1999இல் ஜே லீக் தன் இரண்டாம் டிவிஷனைப் பத்து அணிகளோடு தொடங்கியது. அதில் கோஃபுவும் ஒன்று. முதல் ஆண்டே கடைசி இடம். 2000 அதைவிட மோசம்: தொடர்ந்து 19 ஆட்டங்களில் தோல்வி. தோற்கும் அணியைப் பார்க்க யார் வருவார்கள்? ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டாயிரம் பேர்கூட வரவில்லை. சேர்ந்துபோன நஷ்டம் 40 கோடி யென்னைத் தாண்டியது.

கிளப்பை மூடிவிடலாம் என்ற பேச்சு வெறும் மிரட்டல் அல்ல. இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1998இல், முதல் டிவிஷனில் இருந்த யோகோஹாமா ஃப்ளூகல்ஸ், பணம் போட்டவர்களில் ஒரு கம்பெனி கைவிரித்ததால் அதே ஊர் மரினோஸோடு இணைக்கப்பட்டது. அந்த அணி தன் கடைசி ஆட்டத்தில், 1999 புத்தாண்டு நாளன்று, பேரரசர் கோப்பையை வென்றுவிட்டுக் கலைந்துபோனது. அவ்வளவு பெரிய அணிக்கே அந்தக் கதி என்றால், மலைக்கு நடுவில் கடைசி இடத்தில் கிடக்கும் அணியை யார் காப்பாற்றுவார்கள்?

பங்குதாரர்களான மாகாண அரசும் நகராட்சியும் உள்ளூர் நாளிதழ்க் குழுமமும் 2001க்கு மூன்று நிபந்தனைகள் விதித்தன. ஆட்டத்துக்குச் சராசரியாக 3,000 பார்வையாளர்கள் வர வேண்டும். ஆதரவாளர் மன்றத்தில் 5,000 பேர் சேர வேண்டும். விளம்பர வருமானம் 5 கோடி யென் வர வேண்டும். ஆண்டு முடிவில் இவை நிறைவேறாவிட்டால் கதை முடிந்தது.

கவனியுங்கள், இதில் ஓர் ஆட்டத்தையாவது ஜெயிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஊருக்கு இந்த அணி வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. கிளப்புகள் சாவது தோல்வியால் அல்ல, யாருக்கும் தேவைப்படாமல் போவதால்தான் என்பது என் உறுதியான கருத்து. அதனால் அன்று கேட்கப்பட்டது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன்.

அப்போது தலைவர் பொறுப்புக்கு வந்தவர் கசுயுகி உமினோ. அதே நாளிதழ்க் குழுமத்திலிருந்து வந்தவர், கால்பந்துக்காரர் அல்ல. பெரிய ஸ்பான்சர் வரமாட்டார் என்று தெரிந்ததும், விளம்பரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கிக் கடைகடையாக ஏறி இறங்கி விற்றார்கள். மைதானத்தைச் சுற்றி விளம்பரத் தட்டிகள் நிறைந்தன. பிறகு எங்கெல்லாம் ஒரு பெயரை ஒட்ட முடியுமோ அங்கெல்லாம் ஒட்டினார்கள்.

இதில் என் மனதில் நின்றது ஸ்ட்ரெச்சர்தான். அடிபட்டு விழுந்த ஆட்டக்காரரைத் தூக்கிப்போக நான்கு பேர் ஓடிவருவார்களே, அந்த ஸ்ட்ரெச்சரிலும் விளம்பரம். ஆட்டம் நின்றிருக்கும், அரங்கமே அந்த ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், கேமராவும் அங்கேதான் இருக்கும். அதை ஒரு விளம்பர இடமாகப் பார்த்ததற்கு நெருக்கடிதான் காரணம். ஆனால் வெறும் நெருக்கடி மட்டும் இருந்தால் அந்த யோசனை வராது, ஆட்டத்தை உற்றுப் பார்த்தவருக்குத்தான் வரும்.

காசு கொடுக்க முடியாதவர்களிடம் கைவசம் இருப்பதைக் கேட்டார்கள். முடிதிருத்தும் கடைக்காரர் ஆட்டக்காரர்களுக்கு இலவசமாக முடிவெட்டினால் அவர் கடைப் பெயர் மைதானத்தில் ஏறும். வெந்நீர்க் குளியல் நிலையம் இலவசமாகக் குளிக்கவிட்டால் அதற்கும் ஒரு தட்டி. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வோமே, அதேதான். வடத்தைப் பிடித்தவர் எவ்வளவு பலசாலி என்று யாரும் பார்க்கவில்லை.

ஆண்டு முடிந்தபோது அணி மீண்டும் கடைசி இடம். ஆனால் மூன்று நிபந்தனைகளும் நிறைவேறிவிட்டன. பார்வையாளர் சராசரி மூவாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. மூன்று ஆண்டுகளாகக் கடைசி இடத்தில் இருக்கும் அணியைப் பார்க்க முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாக ஆயிரம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள்! நான் வெற்றி என்று சொன்னது இதைத்தான்.

பிறகு ஆட்டமும் தேறியது. 2002இல் ஏழாமிடம், 2003இல் ஐந்தாமிடம். 2005இல் பயிற்சியாளர் தகேஷி ஓகியின் கீழ் மூன்றாமிடம். முதல் டிவிஷனுக்குள் நுழைய, அங்கிருந்த காஷிவா ரெய்சோலோடு இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. காஷிவாவுக்குப் பின்னால் இருந்தது ஹிட்டாச்சி. கோஃபுவில் நடந்த முதல் ஆட்டம் முடியும் தறுவாயில் மைதான விளக்குகள் அணைந்து, இருட்டில் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. எப்படியோ 2-1 என்று ஜெயித்தார்கள். இரண்டாவது ஆட்டம் காஷிவாவின் சொந்த மைதானத்தில். கோஃபுவின் பிரேசில் ஆட்டக்காரர் பாரே அன்று தனி ஆளாக ஆறு கோல் போட்டார். 6-2. நான்கு ஆண்டுகளுக்கு முன் மூடப்படவிருந்த கிளப் முதல் டிவிஷனில்.

அங்கே நிலைத்தார்களா என்றால் இல்லை. 2007இல் இறங்கினார்கள், 2010இல் ஏறினார்கள், அடுத்த ஆண்டே மறுபடி இறக்கம். 2012இல் 24 ஆட்டங்கள் தோல்வியே காணாமல் இரண்டாம் டிவிஷன் பட்டத்தை வென்று, 2013 முதல் 2017 வரை மேலே ஐந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். உங்கள் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட கிளப்பால் நல்ல ஆட்டக்காரரைப் பிடித்துவைக்க முடியாது. பல்கலைக்கழகத்திலிருந்து நேராக 2015இல் கோஃபுவுக்கு வந்த ஜுன்யா இட்டோ ஒரே சீசனில் காஷிவாவுக்குப் போய்விட்டார். பின்னாளில் பெல்ஜியம், பிரான்ஸ் என்று போய், 2022 உலகக் கோப்பையில் ஜப்பானுக்கு ஆடினார். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அதனால்தான் ஹிடேஓமி யமமோட்டோ மீது எனக்குத் தனி மரியாதை. தற்காப்பு ஆட்டக்காரர். 2003இல் வந்தவர், கிளப் ஏறியபோதும் இறங்கியபோதும் அங்கேயே இருந்தார்.

2022இல் அவருக்கு 42 வயது. அணி லீக்கில் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது, 22 அணிகளில் 18ஆவதாக முடித்தது. ஆனால் பேரரசர் கோப்பையில் சப்போரோ, டோசு, ஃபுகுவோகா என்று முதல் டிவிஷன் அணிகளை ஒவ்வொன்றாகக் கடந்து, அரையிறுதியில் கஷிமா ஆன்ட்லர்ஸை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என்று வீழ்த்தியது. அக்டோபர் 16, யோகோஹாமாவில் இறுதி ஆட்டம். எதிரே அந்த ஆண்டு முதல் டிவிஷனில் மூன்றாமிடம் பிடித்த சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா. கசுஷி மிட்சுஹிரா 26ஆவது நிமிடத்தில் கோஃபுவுக்கு முதல் கோல் போட்டார். 84ஆவது நிமிடத்தில் ஹிரோஷிமாவின் தகுமு கவாமுரா சமன் செய்தார்.

கூடுதல் நேரத்தில் யமமோட்டோ களமிறக்கப்பட்டார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது பெனால்டி பகுதிக்குள் பந்து அவர் கையில் பட்டது. ஹிரோஷிமாவுக்குப் பெனால்டி. இருபது ஆண்டுகள் உழைத்தவர் கையாலேயே கோப்பை போய்விடுமோ என்ற நிலை. கோல்கீப்பர் கொஹேய் கவாட்டா பாய்ந்து அதைத் தடுத்தார். பெனால்டி ஷூட்-அவுட்டிலும் ஒன்றைத் தடுத்தார். ஐந்தாவதாக அடிக்க வந்தவர் யமமோட்டோ. பந்து வலைக்குள் போனது, 5-4. அவர் முகத்தை அந்தக் காணொளியில் ஒருமுறை பாருங்கள், நான் எழுதிச் சொல்ல முடியாது. கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் தட்சுமா யோஷிடா அந்த சீசனோடு விலக நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

கோப்பையை வென்றதால் 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் உரிமை கிடைத்தது. ஆனால் கோஃபுவின் மைதானம், ஓட்டப் பந்தயத் தடம் சுற்றிப்போகும் பழைய அரங்கம், ஆசியப் போட்டிக்கான விதிகளுக்குப் பொருந்தவில்லை. சொந்த ஆட்டங்களை டோக்கியோ தேசிய அரங்கில் ஆடினார்கள். எல்லா கிளப் ரசிகர்களும் வந்து ஆதரவு தாருங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். வாரக்கடைசியில் எதிரணியாக இருப்பவர்கள், தங்கள் கிளப் ஜெர்சியைப் போட்டுக்கொண்டே வார நாள் இரவில் வந்து கோஃபுவுக்காகக் கத்தினார்கள். தாய்லாந்தின் புரிராம், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் சிட்டி, சீனாவின் ஜெஜியாங் ஆகியவை இருந்த பிரிவில் இரண்டாம் டிவிஷன் கோஃபு முதலிடம் பிடித்தது. அடுத்த சுற்றில் தென்கொரியாவின் உல்சானிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது.

ஆக, தாக்குப்பிடிக்க முடியும், ஆனால் ஊர் ஒவ்வோர் ஆண்டும் தோள் கொடுக்க வேண்டும். கால்பந்துக்கென்றே ஒரு மைதானம் வேண்டும் என்று கோஃபு ரசிகர்கள் நெடுநாளாகக் கேட்கிறார்கள். அடுத்த முறை ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றால், யமனாஷிப் பிள்ளைகள் ரயில் ஏறாமல் சொந்த ஊரிலேயே அதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.