பெருப்பித்த காணிப் படமும் இரட்டித்த பேர்ச்சும்

கேள்வி: கிளிநொச்சியில் உள்ள எமது குடியிருப்புக் காணியின் அளவு அனுமதிப்பத்திரத்தில் 79 பேர்ச் (160 பேர்ச் ஒரு ஏக்கர்) என்றுள்ளது. 1:1000 எனக் குறித்த ஏ4 அளவுப் படத்தை, எழுத்துகள் தெளிவாகத் தெரிவதற்காக ஏ3 தாளில் பெருப்பித்துப் போட்டோக்கொப்பி எடுத்து, அடிமட்டத்தால் அளந்து கணக்கிட்டேன். 158 பேர்ச் வருகிறது. பிழை எங்கே?

பதில்: நில அளவையாளரிலும் பிழையில்லை, உங்கள் பெருக்கலிலும் பிழையில்லை. தாள் பெருத்தபோது அளவிடையும் (படத்து நீளத்துக்கும் நிலத்து நீளத்துக்கும் உள்ள விகிதம்) மாறிவிட்டது; அதில் அச்சிட்டிருந்த 1:1000 மட்டும் மாறாமல் நிற்கிறது.

உருப்பெருக்கம் என்பது ஒரு மையத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியையும் அதே திசையில், தூரத்தை ஒரே எண்ணால் பெருக்கி நகர்த்துவதாகும். அந்த எண்ணே அளவிடைக் காரணி. படத்திலுள்ள கிணற்றை மையமாகக் கொண்டால், அதிலிருந்து 3 சென்ரிமீற்றரில் இருந்த எல்லைக்கல், காரணி 1.41 ஆகும்போது, அதே திசையில் 4.23 சென்ரிமீற்றருக்குப் போகும். கிணற்றுக்குப் பதிலாகப் படலையை மையமாக எடுத்தாலும் உருவம் தாளில் விழும் இடம் மாறுமேயன்றி அதன் அளவு மாறாது. மூலைக் கோணங்களும் அப்படியே இருக்கும்.

ஏ4 தாளை ஏ3 ஆக்கும்போது இயந்திரம் காட்டும் 141 சதவீதம் நீளத்துக்குரியது, பரப்புக்குரியதன்று. பலர் தடுமாறுவது இங்கேதான். நீளமும் அகலமும் தனித்தனியே 1.41 மடங்காவதால் பரப்பு அதன் வர்க்கமாகிய ஏறத்தாழ 2 மடங்காகிறது. உங்கள் காணி 40 மீற்றருக்கு 50 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மூலப்படத்தில் 4, 5 சென்ரிமீற்றராக இருந்த பக்கங்கள் ஏ3 தாளில் ஏறத்தாழ 5.66, 7.07 ஆகும். அவற்றை மீண்டும் 1000 ஆல் பெருக்கியதால், அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த காணி ஏறக்குறைய ஒரு ஏக்கராகிவிட்டது. (அயலவரிடம் இந்தக் கணக்கைக் காட்டாதிருப்பது நல்லது.)

ஏ3 பிரதியின் உண்மை அளவிடை, 1000 ஐ 1.414 ஆல் வகுக்க வரும் 1:707 ஆகும். படத்தின் அடியில் மீற்றர் குறித்த அளவுகோடு வரையப்பட்டிருந்தால் அதைக் கொண்டே அளவுங்கள். படத்தோடு சேர்ந்து அதுவும் பெரிதாகும்.

அதே அளவில் எடுத்த பிரதியையும் உடனே நம்பவேண்டாம். தாளுக்குள் அடங்கட்டும் என்று இயந்திரம் 97 சதவீதமாகச் சுருக்கியிருந்தால், நீளத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறைவு, 79 பேர்ச் காணியில் ஏறத்தாழ 4.7 பேர்ச்சைக் காணாமற்போகச் செய்யும்.