அம்மா நடக்கட்டும், விடுங்கள்

கேள்வி: "திருநெல்வேலியில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு 66 வயது. சில மாதங்களாகக் காலையில் கிளம்பி ஊருக்குள்ளேயே எட்டு, பத்து கிலோமீட்டர் நடக்கிறார். இந்த வயதில் இது தேவையா? எப்படிச் சொல்லி நிறுத்துவது?"

நிறுத்தாதீர்கள். இதுதான் பதில். மீதி எல்லாம் நான் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு.

எனக்கு 67 வயது. பாளையங்கோட்டையில் இருக்கிறேன். உங்கள் அம்மா செய்வதைத்தான் நானும் செய்கிறேன். "இந்த வயசுல இது தேவையாம்மா?" என்று என் மகனும் கேட்டான். நீங்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். யாரோ தெரிந்தவர்கள் போன் போட்டு, "உங்க அம்மை ரோடு ரோடா நடக்காவளே, வீட்ல ஏதும் மனத்தாங்கலா?" என்று கேட்டிருப்பார்கள். எங்கள் தெருவிலிருந்து என் மகனுக்கு அப்படித்தான் போன் போனது. அவன் பதறிப்போய் அன்று ராத்திரியே கூப்பிட்டான். அம்மாவின் காலைப் பற்றிய பயத்தைவிட, ஊர் என்ன சொல்கிறது என்ற பயம்தான் அவன் குரலில் அதிகம் இருந்தது. உங்களுக்கும் அப்படியா என்று தெரியாது. நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

"உங்களுக்குப் பென்ஷன் வருகிறது, பேரப்பிள்ளை பார்க்கிற வேலை இல்லை, நடக்கலாம், எல்லோராலும் முடியுமா" என்று யாராவது எழுதுவார்கள். சரிதான். எல்லோராலும் முடியாது, முடியாதவர்களை நான் குறை சொல்லவும் இல்லை. நான் டாக்டரும் இல்லை. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உள்ள, வலது முழங்கால் தேய்ந்த ஒருத்தி தன் ஊரில் எப்படி நடக்கிறாள் என்பது மட்டும்தான் இந்தப் பதிலில் இருக்கும்.

நான் டிரங்க் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். இளையவர்களுக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. வெளியூருக்கு போன் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். காதில் ஹெட்செட், கையில் பிளக். மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கே புகுந்து சொல்ல வேண்டும். வெளியூருக்கு நேரடியாக டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்த பிறகு அந்த போர்டு போய்விட்டது, எங்களை வேறு வேறு மேஜைகளில் உட்கார வைத்தார்கள். ஆக, வேலைக்காலம் முழுக்க நாற்காலிதான். ஊர் ஊராக இணைப்புக் கொடுத்த எனக்கு, எங்கள் ஊரில் தெரிந்ததெல்லாம் வீடு, ஆபீஸ், மார்க்கெட், கோவில். பாளையில் பிறந்து பாளையிலேயே வாழ்ந்தும், திருநெல்வேலியின் இன்னொரு பகுதியான பேட்டைக்குள் கால் வைத்ததில்லை. மேலப்பாளையத்தை பஸ் ஜன்னல் வழியாகத்தான் தெரியும். சாகிறதுக்குள் நம் ஊரையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. யாருக்கும் செலவில்லாத ஆசை.

முதலில் எல்லோரையும்போல வ.உ.சி. மைதானத்தில்தான் சுற்றினேன். கூட வருகிறவர்கள் நல்லவர்கள். ஆனால் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அதே கேட், அதே பேச்சு: யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யார் மருமகள் என்ன சொன்னாள். ஒரு நாள் மைதானத்துக்குள் போகாமல் நேரே முருகன்குறிச்சி பக்கம் நடந்தேன். வண்ணார்பேட்டை வந்தது. அங்கே வந்த பிறகு திரும்ப மனசில்லை. ஆற்றுப் பாலம் வரைக்கும் போய்விட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒரு காலத்தில் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் தாமிரபரணியைப் படகில்தான் கடக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தார் உத்தியோகம் பார்த்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக்கொடுத்த பாலம் அது. 1843-ல் திறந்தார்கள். நான் எத்தனையோ வருஷம் பஸ்ஸில் அதைத் தாண்டியிருக்கிறேன், ஒரு நிமிஷம்கூட எடுக்காது. நடந்து போனால்தான் அது எவ்வளவு நீளம், ஆறு எவ்வளவு அகலம் என்று தெரிகிறது. விடிகிற நேரத்தில் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றால் கீழே பாறைகளுக்கு நடுவே தண்ணீர் பிரிந்து பிரிந்து ஓடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் காற்று முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு போகும். 2023 டிசம்பரில் இதே ஆறு ஜங்ஷனுக்குள் புகுந்து பஸ் ஸ்டாண்டையே முழுக்காட்டியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

இப்போது பாளையிலிருந்து பாலம், ஜங்ஷன், ஈரடுக்கு மேம்பாலம், ஸ்ரீபுரம், ஆர்ச் வழியாக டவுனுக்கு நடந்து, ரத வீதி நான்கையும் ஒரு சுற்றுச் சுற்றி, நெல்லையப்பரையும் காந்திமதியம்மனையும் கும்பிட்டு வருவது எனக்குப் பழகிப்போன வழி. மனசு இருந்தால் டவுனிலிருந்து குறுக்குத்துறைக்குப் போவேன். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் முருகன் கோவில். வெள்ளம் வந்தால் மூழ்கும், வடிந்தால் அப்படியே நிற்கும். அங்கே படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முழங்கால் வலி மறந்துபோகும்.

மேலப்பாளையம் போன கதையையும் சொல்ல வேண்டும். குலவணிகர்புரம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வண்டிகள் எல்லாம் நிற்க, ரயில் போகும்வரை நானும் நின்று, அப்புறம் உள்தெருக்களில் நுழைந்தேன். வாசல்படியில் நான்கைந்து பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். கத்தரியால் இலையை வெட்டி, தூளை ஒரு சிட்டிகை வைத்து, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றுகிறார்கள். கண் என்னைப் பார்க்கிறது, கை தன்பாட்டுக்கு ஓடுகிறது. "எங்கிருந்து வாரீங்க?" "பாளையிலிருந்து." "நடந்தா?" என்று ஒருத்தி கேட்டதும் எல்லாத் தட்டும் ஒரு நிமிஷம் நின்றது. உட்காரச் சொல்லி ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார்கள். அதில் என் வயதுக்காரி ஒருத்தி சொன்னாள்: "சின்ன வயசுலேர்ந்து உக்காந்தே சுத்தி, இப்போ எந்திரிக்கவே ரெண்டு பேர் வேணும்க்கா. நீங்க நடங்க." அவளும் உட்கார்ந்தே வேலை பார்த்தவள், நானும் உட்கார்ந்தே வேலை பார்த்தவள். எனக்கு மாதச் சம்பளம், அவளுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. முழங்காலைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. என்னை நடக்கச் சொல்லி ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

எங்கள் பக்கத்தில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகாத குடும்பம் குறைவு. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலோடு, ராத்திரி பகலாக நடப்பார்கள். என் வயதுப் பெண்கள் போகிறார்கள். மோர் கொடுத்து, காலுக்குத் தைலம் தேய்த்து அனுப்புகிறோம். அதை யாரும் தேவையா என்று கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. நானும் முருக பக்தைதான். ஆனால் அதே பெண் வேண்டுதல் எதுவும் இல்லாமல் பேட்டைக்கு நடந்தால் மட்டும் ஏன் வீட்டில் சண்டை என்று நினைக்கிறோம்? டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021-ல் வந்த பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. ஸ்டாப்பைத் தாண்டி நடந்தால் பஸ்ஸை மெதுவாக்கி, "ஆச்சி, ஏறுங்க, காசு வேண்டாம்லா" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். காசில்லாதவள்தான் நடப்பாள் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்கிறேன். முழங்காலுக்காக ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், மகன் லீவில் வந்திருந்ததால் கூட வந்தான். வலி எனக்கு. டாக்டர் அவனைப் பார்த்து, "அம்மாவுக்கு எத்தனை வருஷமா வலிக்குது?" என்கிறார். நான் பதில் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு, அடுத்த கேள்வியை மறுபடி அவனிடம் கேட்கிறார். இத்தனைக்கும் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவள் நான், காது இன்றைக்கும் நன்றாகக் கேட்கிறது. பேங்கிலும் அப்படித்தான். என் கணக்கு, என் கையெழுத்து, "கூட யாரும் வரலையா?" என்று கேட்கிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், பந்திக்குத்தான் மறுபடி கூப்பிடுவார்கள். அறுபதைத் தாண்டிய பெண்ணிடம் நேராகப் பேசக் கூடாது என்று யார் சொல்லிக்கொடுத்தது? ரோட்டில் நடக்கும்போது எனக்கு அந்தக் குறை இல்லை. வழி கேட்டால் என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள்.

சரி, உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டும் என்று போனில் பார்த்துவிட்டு நடக்கிறாரா என்று கேளுங்கள். அப்படியென்றால் அது அவசியமில்லை என்று சொல்லுங்கள். அந்தப் பத்தாயிரம், 1965 வாக்கில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. அமெரிக்காவில் வயதான பெண்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல் கவனித்து 2019-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை. அதற்குமேல் நான் நடப்பது உடம்புக்காக இல்லை, ஊரைப் பார்க்கிற ஆசைக்காக. உங்கள் அம்மாவும் ஆசைக்காகத்தான் நடக்கிறார் என்றால் கணக்குக் காட்டி நிறுத்தப் பார்க்காதீர்கள்.

தூரத்தை பஸ் ஸ்டாப் கணக்கில் கூட்டுவது நல்லது. இந்த வாரம் ஒரு ஸ்டாப் கூடுதல், உடம்பு ஒத்துக்கொண்டால் அப்புறம் இன்னொன்று. போவது நடை, வருவது பஸ். திரும்பி வரத் தெம்பு இருக்குமா என்ற பயமே வேண்டாம். ஐந்து, ஐந்தரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். அக்னி நட்சத்திரத்தில் இன்னும் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

செருப்பில் கஞ்சத்தனம் கூடாது. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது போய் ஷூ வாங்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் தினமும் ராத்திரி பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது, அது புண்ணாகிவிடும். சர்க்கரை மாத்திரைகளில் சிலவும் இன்சுலினும் வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரையை ரொம்ப இறக்கிவிடும். அதனால் எந்த மாத்திரை எப்போது என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முந்தானையிலோ பையிலோ குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்கட்டும். நடைபாதை முழுக்க பைக் நிற்கிறது, ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அப்படி இறங்கினால் வண்டி எதிரே வருகிற பக்கமாக நடக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் வரும் வண்டி தெரியாது. அடிக்கடி சிறுநீர் போக வைக்கிற பிரஷர் மாத்திரை போடுகிற பெண்களுக்கு வழியில் பாத்ரூம்தான் பெரிய கஷ்டம். தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். அது தப்பு, மயக்கம் வரும். எந்த பஸ் ஸ்டாண்டில், எந்தக் கோவிலில் சுத்தமான பாத்ரூம் இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டு அதை ஒட்டி வழியை அமைத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியவை வேறு. நடக்கும்போது நெஞ்சு அழுத்துவது, பேச முடியாதபடி மூச்சு வாங்குவது, தலைசுற்றல், நடந்தால் கெண்டைக்காலில் வலி வந்து நின்றால் போய்விடுவது, தெரிந்த வழியே குழம்புவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நடையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கூடப் போங்கள், ஆனால் கேள்விக்கு அம்மாவே பதில் சொல்லட்டும். இவை எதுவும் இல்லையென்றால் அடுத்த லீவில் வரும்போது ஒரு நல்ல ஷூ வாங்கி வாருங்கள், ஒரு நாள் காலையில் அவர் போகிற வழியிலேயே கூட நடந்து பாருங்கள்.