பாலம்பூரில் புதுக்குடித்தனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கணவருக்கு வங்கியில் மாற்றலாகி, சென்னையிலிருந்து இமாச்சலப் பிரதேசம் பாலம்பூருக்கு வந்திருக்கிறோம். வாடகை வீடு தேடுகிறோம். குளிர் தொடங்கிவிட்டது, இட்லி மாவு பொங்குவதே இல்லை. பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வீடு பார்க்கப் பகல் பதினொரு மணிக்குப் போங்கள். ஊருக்கு வடக்கே தௌலாதார் பனிமலை தெரிவதால், வடக்கு ஜன்னலைத்தான் வீட்டுக்காரர்கள் பெருமையாகத் திறந்து காட்டுவார்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதனால் தெற்கு ஜன்னலில் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். வடக்கு மட்டுமே திறந்த அறையில் சுவர் ஓதம் அடிக்கும், துணி காயாது.

அடுத்து குளியலறை. கேஸ் கீசர் உள்ளேயே மாட்டியிருந்தால் அந்த வீடு வேண்டவே வேண்டாம், அல்லது அதை வெளிச்சுவருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மூடிய சின்ன அறையில் காற்று போதாமல் எரிவாயு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளித்துக்கொண்டிருப்பவர் மயங்கி விழுந்த பிறகுதான் வெளியே தெரியும். குளிர்காய இங்கே மூட்டும் கரி அடுப்பான அங்கீட்டியும் அப்படித்தான். அதை அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்கவே கூடாது.

மாவு பொங்காததற்குக் காரணம் குளிர்தான். இட்லி அரிசி கிடைக்காவிட்டால் கடையில் 'சேலா' என்று கேளுங்கள், புழுங்கலரிசி தருவார்கள். பாசுமதி சேலா வேண்டாம், குண்டு ரகமாக வாங்குங்கள். 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு முழு வெள்ளை உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அரைத்ததும் கையால் கரையுங்கள். உப்பைப் பொங்கிய பிறகு போடலாம். பாத்திரத்தைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் வெந்நீர் பாட்டில் ஒன்று. படுக்கப் போகும்முன் அதை மாற்றுங்கள். 14 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். ஊர் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும், குக்கர்தான் சரி.

பேச்சுத்துணைக்கு, காய்கறியையும் பாலையும் தினமும் ஒரே கடையில் வாங்குங்கள். பெயரோடு 'ஜி' சேர்த்துக் கூப்பிடுங்கள், அரைகுறை இந்தி போதும். கல்யாண 'தாம்' விருந்துக்கு அழைத்தால் தட்டாமல் போங்கள். தரையில் வரிசையாக உட்கார வைத்து இலைத்தட்டில் சோறு போடுவார்கள். பாலம்பூர் இருக்கும் காங்ரா மாவட்டமும் சோறு தின்னும் பக்கம்தான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மறுநாள் கடைத்தெருவில் தானாகவே பேசுவார்.

கேள்வி: தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள பைக்கை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். முதலில் ஊரில் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று பெறுங்கள். வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பதிவும் கேட்பார்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். புது ஊரில் படிவம் 27 கொடுத்து வரி கட்டுங்கள். அந்த ரசீதை பத்திரமாக வையுங்கள். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியின் மீதியைத் திரும்பக் கேட்க அது வேண்டும்.