அத்தை வீட்டு எண்ணெய்

கேள்வி (ஆறு பக்கக் கடிதத்தின் சுருக்கம்):

எனக்கு 20 வயது. சொந்த ஊர் அருப்புக்கோட்டை. சென்னையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் வருடம் படிக்கிறேன். எழுத்துரு, கலர், லேஅவுட் என்று முதல் வருடம் ஆசையாகப் போனது. இந்த வருடம் விளம்பரப் பாடம் வந்ததிலிருந்து ஒரே குழப்பம். எதைச் செய்து கொண்டுபோனாலும், “பார்க்க அழகா இருக்கு, ஐடியாதான் இல்லை” என்கிறார் எங்கள் சார். கூடப் படிப்பவர்கள் எல்லாரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். தாய்மாமாதான் எனக்கு ஃபீஸ் கட்டுகிறார். அவருடைய நல்லெண்ணெய்க்கு லேபிளும் ஒரு இன்ஸ்டாகிராம் போஸ்டரும் செய்து கொடுத்தேன். அதுதான் என் முதல் வேலை, படம் இணைத்திருக்கிறேன். (மாமா கடையில் செக்கு கிடையாது. மில்லிலிருந்து டின்னில் வாங்கி பாட்டிலில் அடைக்கிறார். செக்குப் படம் போட்டால் நன்றாகப் போகும் என்றார். அத்தை வீட்டுச் சமையலுக்கு மட்டும் பக்கத்து ஊர்ச் செக்கில் வாங்குவார்.) இந்தத் துறைக்கான திறமை எனக்கு இருக்கிறதா, இல்லை வேறு படிப்புக்கு மாறிவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்:

பேத்தி வயசுக்காரி என்பதால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. இன்னும் கொஞ்சம் கோபம் வரும்படியாகவும் எழுதப் போகிறேன்.

“எனக்குத் திறமை இருக்கிறதா” என்று வாரத்துக்கு ரெண்டு கடிதமாவது வருகிறது. “உன்னால் முடியும்” என்று எழுதிப் போட்டால் என் வேலை சுலபமாக முடிந்துவிடும். உனக்கு அப்படி எழுதுவதாக இல்லை. ஆறு பக்கத்தில் எனக்கு வேண்டியிருந்தது அடைப்புக்குறிக்குள் இருந்த நாலு வரிதான். அதை ஏதோ ஊர்ச் செய்தி போலச் சொல்லிவிட்டு அடுத்த பாராவில் உன் சோகத்துக்குப் போய்விட்டாய். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அத்தை எங்கே எண்ணெய் வாங்குகிறார்? பக்கத்து ஊரில். ஏன்? தன் பிள்ளைகள் சாப்பிடுகிற எண்ணெய் எது என்று அவருக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். உனக்கும் தெரியும். தெரியாதவள் ஒருத்திதான் இருக்கிறாள். உன் லேபிளைப் பார்த்து, டின் எண்ணெயைவிடக் கூடக் காசு கொடுத்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட அந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு போகிறவள். மில் எண்ணெயில் விஷம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மில் எண்ணெய் மில் எண்ணெயாக விற்கட்டும், யார் கேட்கப் போகிறார்கள்?

லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோணிச்சாக்கு மாதிரி பின்னணி, நடுவில் ‘மரச்செக்கு நல்லெண்ணெய்’, இடது பக்கம் திமில் வைத்த மாடு, அதற்குப் பின்னால் செக்கு, பக்கத்தில் தலைப்பாகையோடு ஒரு பெரியவர். எழுத்து நன்றாகவே வந்திருக்கிறது. வரிகள் நெருக்கமாக விழுந்து, ‘எண்ணெய்’யில் இருக்கும் புள்ளி மேல்வரியின் கொக்கியில் போய் ஒட்டிக்கொண்டது, அதைப் பிரிக்க ரெண்டு ராத்திரி தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் விட வேண்டும் என்று இந்த வயசிலேயே தெரிந்து வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் அந்த மாட்டைப் பார். கழுத்தில் நுகத்தடி இல்லை. மாட்டையும் செக்கையும் சேர்க்கிற தடியே இல்லை. மாடு பாட்டுக்குச் சும்மா நிற்கிறது. உலக்கை எப்படிச் சுற்றும்? நீ செக்கைப் பார்த்ததே இல்லை. இணையத்தில் ஒரு மாட்டை எடுத்து, இன்னொரு இடத்தில் செக்கை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டாய். ஒரு புள்ளிக்கு ரெண்டு ராத்திரி. பொய்க்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

உன் சார் சொல்கிற ‘ஐடியா இல்லை’யும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாலாம் பக்கத்தில் அந்தக் கார் விளம்பரத்தைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறாய். 1960ல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்காக டாயில் டேன் பெர்ன்பாக் ஏஜென்சி செய்தது. காரின் படம், அதன் கீழே ‘லெமன்’ என்று ஒரே ஒரு சொல். ஓட்டை உடைசலான வண்டிக்கு அமெரிக்கப் பேச்சில் அதுதான் பெயர். விஷயம் இவ்வளவுதான்: டாஷ்போர்டுப் பெட்டியின் குரோம் பட்டையில் சின்னதாக ஒரு குறை. வாங்குகிறவர் கண்ணில் பட்டிருக்காது, ஆனால் கம்பெனிப் பரிசோதகர் கண்ணில் பட்டது, அந்தக் காரை ஒதுக்கிவிட்டார். தன் பொருளில் இருந்த குறையைச் சொல்லியே விற்ற விளம்பரம். அதைச் செய்த ஏஜென்சிக்காரர்கள் ஜெர்மனியில் வுல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள். நீ மாமா எண்ணெய் வாங்குகிற மில்லுக்குள் ஒரு தடவையாவது போயிருக்கிறாயா? வகுப்பில் அந்த விளம்பரத்துக்குக் கை தட்டிவிட்டு, விடுதிக்கு வந்து நுகத்தடி இல்லாத மாட்டை ஒட்டியிருக்கிறாய். அப்புறம் ஐடியா எங்கிருந்து வரும்?

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். போர்டைத் தவிர விளம்பரம் என்று ஒன்றும் கிடையாது. உளுந்து கேட்டு வருகிறவர்களிடம், “இது பழைய உளுந்து, இட்லிக்கு மாவு காணாது. வடைக்குன்னா வாங்கிக்கோ” என்பார். அம்மாவுக்கு எரிச்சலாக வரும். வாங்க வந்தவளைத் திருப்பி அனுப்புகிறாரே என்று. திரும்பிப் போனவளே அடுத்த வாரம், “அண்ணாச்சி, புதுசு வந்துடுச்சா?” என்று கேட்டுக்கொண்டு வருவாள். வந்துவிட்டது என்று அவர் சொன்னால் ரெண்டு கிலோவாக வாங்கிப் போவாள்.

“ஃபீஸ் கட்டுகிற மாமாவிடம் எப்படி மறுத்துப் பேசுவது?” என்பாய். தாய்மாமன் படிக்க வைத்தால் அந்தக் கடன் மருமகளுக்கு உண்டு என்று நம்புகிறவள் நான். “நான் கேட்கவா செய்தேன், அவராகத்தானே செய்தார்” என்று எழுதும் பிள்ளைகளை இதே பக்கத்தில் திட்டியிருக்கிறேன். மாமாவுக்கு லேபிள் செய்து கொடு, போஸ்டர் செய்து கொடு, காசு வாங்காமல் செய்து கொடு. ஆனால் அவரை மாட்டிவிடுகிற காரியத்தைச் செய்து கொடுப்பது எந்த ஊரில் நன்றிக்கடன்? 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், லேபிள் பொய் சொன்னால் 3 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். உணவுப் பொருளைப் பற்றி ஏமாற்றும் விளம்பரம் என்றால் 10 லட்சம் வரைக்கும். அந்த 10 லட்சம் வெளியிடுகிறவருக்கு மட்டும் என்று நினைக்காதே, அதில் பங்குள்ளவருக்கும் சேர்த்துத்தான் சட்டம் பேசுகிறது. போஸ்டர் செய்தது யார்? மாமா கடைக்காரர், எது போகும் என்றுதான் பார்ப்பார். வீட்டில் விளம்பரம் படித்த ஒரே ஆள் நீ. அவர் கட்டிய ஃபீஸுக்கு, “மாமா, இது வேண்டாம்” என்று ஒரு வார்த்தையாவது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

படிப்பை மாற்றுவதைப் பற்றி இப்போது பேசவேண்டாம். இந்த லேபிளை அப்படியே விட்டுவிட்டு நீ எந்தப் படிப்புக்குப் போனாலும் இதே ஆளாகத்தான் போய் உட்காருவாய்.

வருகிற சனிக்கிழமை ஊருக்குப் போ. போனில் பேசாதே, மாமாவிடம் வாட்ஸ்அப்பில் இதெல்லாம் சொல்லக்கூடாது. கடையில் கூட்டம் இருக்கிற நேரத்திலும் வேண்டாம், வேலையாட்கள் முன்னால் வைத்துப் பேசினால் அவருக்கு மரியாதையாக இருக்காது. ராத்திரி கடையடைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகு சொல். சிவகாசியில் ஸ்டிக்கர் 5,000 அடித்து வந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அந்த நஷ்டத்தை நீ ஏற்றுக்கொள். கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் போஸ்டர் என்று கிடைத்ததைச் செய்து மாசாமாசம் மாமா கையில் கொடு. அவர் வாங்க மாட்டார். நீ கொடு.

புது லேபிளில் ‘நல்லெண்ணெய்’ என்று மட்டும் போடு. எண்ணெய் எந்த மில்லில் ஆட்டியது, பேக் செய்தவர் யார் என்று ரெண்டையும் படிக்கிற மாதிரி எழுத்தில் போடு, பின்பக்க மூலையில் எறும்பு சைஸில் வேண்டாம். மாமா முகம் சுருங்கினால் அத்தையைக் கூப்பிட்டு உட்கார வை. அந்தச் செக்குக்காரர் மாசம் எவ்வளவு ஆட்டித் தருவார் என்று அவரிடம் கேள். பத்து லிட்டரோ இருபது லிட்டரோ, கிடைக்கிற அளவுக்கு மாமா தனியாக விற்கலாம். ‘மரச்செக்கு’ என்ற சொல்லை அந்த பாட்டிலில் போடு.

போடுவதற்கு முன்னால் அத்தையோடு நீயும் அங்கே போய் நின்று பார். எள் விழுவது, கருப்பட்டி போடுவது, புண்ணாக்கு ஒதுங்குவது எல்லாவற்றையும் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டு வா. இந்தக் காலத்தில் பெரும்பாலும் மோட்டார்தான் செக்கைச் சுற்றுகிறது, அங்கே மாடு இருக்காது என்றுதான் நினைக்கிறேன். மோட்டார் ஓடினால் மோட்டாரை வரை.