மாடித்தோட்டக் குழுவில் தோட்டக்காரர் போல வரும் வியாபாரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இதுதான்: கோவை, திருப்பூர் மாடித்தோட்டக் குழுக்களில் "இந்தக் கோகோபீட் வாங்குங்க, அருமையா வருதுங்க" என்று சொல்பவர்களில் யார் தோட்டக்காரர், யார் விற்பவர்? (கோகோபீட் என்பது மண்ணுக்குப் பதிலாகச் செடிப் பையில் போடும் தேங்காய் நார்த்தூள்.) விற்பவர்கள் குழுவில் இருப்பதே தப்பா?

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். தப்பே இல்லைங்க. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் நார் மில் நடத்துகிறவருக்குத் தெரிந்த அளவு கோகோபீட்டைப் பற்றி, வீட்டில் ஆறு செடிப் பை வைத்திருப்பவருக்குத் தெரியாது. "இது என் மில் சரக்கு, விலை இவ்வளவு" என்று சொல்லிவிட்டு அவர் பேசினால் நோட்டுப் போட்டு எழுதிக்கொள்ளலாம். அதை மறைத்து "எங்க மாடியிலயும் இதுதாங்க" என்று வரும்போதுதான் வில்லங்கம். அப்படி வருபவர் பச்சைப் பொய் சொல்வது குறைவு. சரக்கு விற்கத் தடையான விஷயங்களை மட்டும் லாவகமாக விட்டுவிடுவார். அதனால் எந்தப் பேச்சு அவர் வாயில் வரவே மாட்டேன் என்கிறது என்று பாருங்கள்.

தக்காளியை எடுத்துக்கொள்வோம். "காயோட அடி கறுத்துப் போகுதுங்க" என்று ஒருவர் படம் போடுகிறார். இரண்டே நிமிடத்தில் பதில்: "கால்சியம் குறைபாடு, ஸ்பிரே அடிங்க, இன்பாக்ஸ் வாங்க." காய்க்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை என்பது சரி. ஏன் சேரவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் அதிகம். கழுவாத கோகோபீட் அவற்றைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கால்சியத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே ஒருநாள் ஊற்றி ஒருநாள் காயவிட்டால் காய் கறுக்கத்தான் செய்யும். இலையில் அடித்த கால்சியம் அங்கிருந்து காய்க்கு நகராது, வேர் வழியாகத் தண்ணீரோடு வருவதுதான் சேரும். ஆக, கழுவாத கோகோபீட் கட்டியை விற்றவரே அதற்கு மருந்தும் விற்கிறார். "முதல்ல கட்டியைக் கழுவினீங்களா?" என்று கேட்காத பதிலை நம்பாதீர்கள்.

கழுவும் கணக்கு: 5 கிலோ கட்டிக்கு 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் விட்டால் நல்ல சரக்கு 60 முதல் 75 லிட்டர் வரை உப்பும். மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து வடியுங்கள். பிறகு ஒரு டம்ளர் பீட்டுக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர் கலந்து, அரை மணி நேரம் விட்டு வடிகட்டி, டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) வையுங்கள். பீட் கலக்கும் முன் தண்ணீர் மட்டும் காட்டிய அளவைக் கழித்த பிறகு 250 பிபிஎம் சுற்றி நின்றால் போதும். பெரும்பாலான மலிவு மீட்டர்களில் இது 0.5 இசிக்குச் சமம் (இசி என்பது தண்ணீரின் மின்கடத்தும் அளவு, உப்பு கூடினால் அதுவும் கூடும்). சோதனைக்குச் சிறுவாணித் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோதான் வேண்டும். போர் தண்ணீர் சில இடங்களில் தானே ஆயிரத்தைத் தாண்டும், அதை வைத்துப் பார்த்தால் கட்டிமேல் வீண்பழி விழும். "லோ இசி" என்று விளம்பரம் செய்பவரிடம் "ஒண்ணுக்கு எத்தனை தண்ணி விட்டுப் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். தண்ணீரைக் கூட்டினால் எந்தச் சரக்கும் லோ இசி ஆகிவிடும். தொழில் தெரிந்த நேர்மையான ஆள் விகிதத்தை உடனே சொல்வார். கட்டியில் மணல் இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்கி விடுங்கள், மணல் அடியில் தங்கும். வெறும் மண் களத்தில் காயவைத்த சரக்கில் எடையைக் கூட்டுவது இதுதான்.

மறைந்திருக்கும் வியாபாரி சொல்லவே சொல்லாத இன்னொன்று: "பழைய கலவையே போதுங்க." அறுவடை முடிந்ததும் வேரை உதறி, நிறையத் தண்ணீர் விட்டு உப்பை வடித்து, மூன்றில் ஒரு பங்கு மட்கிய எருவோ மண்புழு உரமோ சேர்த்தால் அதே கோகோபீட் இரண்டு மூன்று வருடம் ஓடும். வாடல் நோயோ வேர்முடிச்சு நூற்புழுவோ வந்த பையை மட்டும் ஒதுக்குங்கள்.

படத்திலும் கண்டுபிடிக்கலாம். நாற்று நட்டதிலிருந்து தக்காளி பழுக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அத்தனை நாள் வெயிலில் நின்ற பையில் வடிகால் ஓட்டையைச் சுற்றி வெள்ளை உப்புத் தடமோ பாசியோ இருக்கும். பை பளபளவென்று, லேபிள் கேமராவைப் பார்த்து, செடி நிறையப் பழம் என்றால் அந்தச் செடி நேற்றுத்தான் அந்தப் பைக்குக் குடி வந்திருக்கிறது.

பையின் தடிமனுக்கும் ஒரு கணக்கு உண்டு. 12 அங்குல விட்டம், 12 அங்குல உயரம் கொண்ட வட்டப் பைக்குச் சுமார் 0.36 சதுர மீட்டர் துணி ஆகும். "220 ஜிஎஸ்எம்" (ஒரு சதுர மீட்டர் துணி 220 கிராம்) உண்மையானால் சமையலறைத் தராசில் 80 கிராமுக்குக் குறையக் கூடாது. தையல், மடிப்பு, கைப்பிடி சேர்ந்து இன்னும் கூடத்தான் வேண்டும். 60 கிராம் காட்டினால் தராசுப் படத்தோடு குழுவில் போடுங்கள்.

கேட்பவரும் பதில் சொல்பவரும் கூட்டாளிகளாக இருப்பதும் சகஜம். "எந்த பிராண்ட் நல்லது?" என்று கேட்டவரின் பழைய பதிவுகளைப் பாருங்கள். செடி ஒன்றுகூட இல்லாமல் இந்த ஒரே கேள்வி மட்டும் இருந்தால் புரிந்துவிடும். "விதை இலவசம், கொரியர் மட்டும்" என்பது பெரும்பாலும் முகவரியும் போன் நம்பரும் சேர்க்கிற வேலை.

அட்மின்கள் செய்யக்கூடியது சுலபம்: விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் கடைப் பெயர் கட்டாயம், விற்பனைப் பதிவு வாரத்தில் ஒருநாள், விலை பொதுவில், "எது நல்லது" என்ற கேள்விக்கு விற்பவர் தன் சரக்கைச் சொல்லக் கூடாது. யாராவது சண்டைக்கு வந்தால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதலை எடுத்துக் காட்டுங்கள். ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர், அதை விற்பவரோடு தனக்குள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒரு கட்டிக்காக யாரும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடப் போவதில்லைதான், ஆனாலும் விதியைக் காட்டினால் பாதிப் பேர் கடைப் பெயரைப் போட்டுவிடுவார்கள். அட்மினே விற்பவராக இருந்தால் அவருக்கும் இதே விதிதான். மீட்டர் அளவோடு நீங்கள் போட்ட படத்தை அவர் அழித்தால், வேறு குழு பாருங்க.